நிலவன்கட்டு: எல்ஃப் நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவன்கட்டு ஒரு கற்பனை நகரம். பகடையும் கடதாசியும் வைத்துக் கதை வளர்க்கும் விளையாட்டை நாங்கள் கிளிநொச்சியில் கூடித் தமிழில் விளையாடுகிறோம். அதற்காகக் கட்டியது இது. வரைபடத்தைப் பார்த்தவர்கள், புதிதாக வந்து சேர்ந்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கோ மாணவர்களுக்கோ இந்த நகரத்தை வைத்துக் கதை நடத்த விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கதைசொல்லியாக இருக்கப்போகிறவர்கள் தண்ணீர் பற்றிய பகுதியையாவது முழுதாகப் படியுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

நகரம் எங்கே இருக்கிறது?

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதிக்குத் தெற்கே, காட்டுக்குள். வீதி உண்மை, காடு உண்மை. நகரமும் அதன் ஐந்து குளங்களும் அவற்றை நிரப்பும் நிலவனாறும் கற்பனை. கதை நடக்கும் காலம் ஏ9 வீதிக்கும் யாழ்தேவிக்கும் மிக முந்தியது. அதனால் வெளியூரிலிருந்து வருகிறவர் காட்டுப்பாதையில் நடந்தோ மாட்டுவண்டிலிலோதான் வரவேண்டும்.

எல்ஃப் என்றால் யார்?

வட ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும், மனிதரல்லாத ஒரு மக்கள் கூட்டம். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதி வைக்கப்பட்ட கதைகளில் ஒளி எல்ஃப், இருள் எல்ஃப் என்று இரண்டு வகையாரைப் பார்க்கலாம். அந்த நாட்டின் கோப்பவோகுர் நகரில், எல்ஃப்கள் குடியிருப்பதாகச் சொல்லப்படும் ஒரு பாறைத்திட்டை உடைக்காமல், வீதியை அந்த இடத்தில் ஒடுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அயலவருக்கும் இடம் விட்டு வீதி போட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நிலவன்கட்டில் யானைக்கும் கரடிக்கும் நாங்கள் ஒதுக்கியிருக்கும் இடத்துக்கு அது ஒரு காரணம்.

எங்கள் எல்ஃப்கள் 600 ஆண்டுகள் வரை வாழ்வார்கள். கூர்மையான காது, வில் வித்தை எல்லாம் இருக்கட்டும். எனக்கு முக்கியம் இந்த ஆயுள்தான். பாலை மரம் மிக மெதுவாக வளர்வது. இன்றைக்குப் பாலைக்கன்று நடுகிற மனிதர் அது முதிர்ந்து நிற்பதைப் பார்க்கமாட்டார். எல்ஃப் பார்ப்பார். அதேபோலக் குளக்கட்டை அரைகுறையாகப் போட்டால், அது உடைகிற நாளில் போட்டவரே பதில் சொல்ல உயிரோடு இருப்பார். நிலவன்கட்டில் ஒவ்வொரு துருசிலும் (குளத்து மதகிலும்) பாலத்திலும் அதைக் கட்டியவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். பழுது வந்தால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஆள் போகும்.

எல்ஃப் நகரத்தை ஏன் வன்னியில் வைத்தீர்கள்?

இந்த வகை விளையாட்டுக்காக வரும் வரைபடங்களில் எல்ஃப் நகரம் பெரும்பாலும் குளிர்ந்த மலைக்காட்டில் இருக்கும். பனிமூட்டம், வற்றாத ஆறு, வெள்ளைக் கோபுரம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. வன்னியில் அப்படி ஒரு நகரம் ஒரு வருடம் தாங்காது. இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களுக்குக் குளம்தான் கதி. கார்த்திகை பிறந்துவிட்டால் கிளிநொச்சிச் சந்தையில் சுகம் விசாரிப்பதற்கு முதலே "இரணைமடு எத்தனை அடி?" என்று கேட்பார்கள். 36 அடி என்றால் நிறைந்த குளம். அந்த ஒரு எண்ணில் அடுத்த சிறுபோகம், வீட்டுக் கிணறு, கடன், கலியாணம் எல்லாம் தொங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு நகரத்தை எங்கிருந்து வரையத் தொடங்குவது என்பது தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2009க்குப் பிறகு இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் காடு என்றால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. மிதிவெடி அகற்றி முடிக்காத இடங்களுக்குள் போகாதே என்று சொல்லித்தான் வளர்த்தோம், சொல்லத்தான் வேண்டும். அதே காட்டைப் பயமில்லாமல் மரம் மரமாகப் பெயர் சொல்லி நடந்து திரிய ஓரிடம் அவர்களுக்கு வேண்டும் என்று நினைத்தேன். கதைக்குள்ளாவது.

நகரத்தின் அமைப்பு எப்படி?

வரைபடத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள். தண்ணீர் போகிற திசைதான் நகரத்தின் திசை. ஒரே சரிவில் ஐந்து குளங்கள், ஒன்றிலிருந்து வடியும் நீர் அடுத்ததற்கு வரவு. இது எங்கள் கண்டுபிடிப்பல்ல. இலங்கையின் உலர் வலயத்தில் பழைய சிறு குளங்கள் பெரும்பாலும் இப்படித் தொடராகத்தான் இருக்கின்றன. 1985இல் புவியியலாளர் மத்தும பண்டார இந்தக் குளத்தொடர்களைத் தனி ஒழுங்காக விவரித்து எழுதியிருக்கிறார். மேல் வயலில் பாய்ந்து வடிந்த தண்ணீர் கீழ்க்குளத்தில் சேர்ந்து இன்னொரு வயலுக்குப் பாயும். ஒரே மழை பலமுறை பயன்படும்.

முதலாவது காட்டுக்குளம். அதற்குக் கீழே வயலும் இல்லை, வீடும் இல்லை. மழையோடு அடித்துவரும் மண் அங்கேயே படியும். மிருகங்கள் அங்கேயே தண்ணீர் குடிக்கும். இரண்டாவது குளத்தடியில் பாலையடி வட்டாரம், மூன்றாவதில் முதிரையடி, நான்காவதில் புளியடி, ஐந்தாவதில் மருதடி. பாலையடியில் பழைய குடும்பங்களும் பள்ளிக்கூடமும். முதிரையடியில் தச்சுப் பட்டறைகள், வில் செய்பவர்கள், உலைகள். புளியடியில் சந்தை, வெளியூரார் தங்கும் மடம். மருதடியில் வயற்காரரும் மீன்பிடிப்பவர்களும், நகரசபையும்.

குளக்கட்டுகள்தான் பெருந்தெருக்கள். இங்கே ஒரு விடயத்தைப் புதியவர்கள் நம்பமாட்டார்கள்: மரத்தைத் தெய்வமாக நினைக்கும் எல்ஃப்களின் நகரத்தில், குளக்கட்டின் மேல் ஒரு மரம்கூடக் கிடையாது. வேர் போன வழியே தண்ணீர் கசியும், வேர் உக்கினால் அந்தத் துளையால் கட்டே அரித்துக்கொண்டு போகும். ஆகவே மழை முடிந்த கையோடு, தை மாதத்தில், ஒவ்வொரு வட்டாரமும் தன் கட்டில் முளைத்த கன்றுகளைப் பிடுங்கும். கையால்தான் பிடுங்கவேண்டும், கத்தி போடக்கூடாது. பிடுங்கிய ஒவ்வொரு கன்றையும் கட்டுக்குக் கீழே உள்ள தோப்பில் பிடுங்கியவரே நடவேண்டும். ஒரு முதிய எல்ஃப் கைக்குள் நாலு மருதங்கன்றுகளை ஈரமண்ணோடு பொத்திப் பிடித்தபடி கட்டால் இறங்கி வருவதைச் சித்திரமாக வரைந்து தந்திருக்கிறார் எங்களோடு விளையாடும் ஒரு தங்கை. நகரத்தின் குணம் முழுவதும் அந்தப் படத்தில் இருக்கிறது என்பேன்.

கட்டில் நிழல் இல்லாததால் நகரம் விடியலிலும் பின்னேரத்திலும்தான் நடமாடும். நடுப்பகலில் எல்லோரும் கீழ்த்தோப்புக்குள் இருப்பார்கள். கதையில் யாரையாவது தேடிப்போனால் நேரத்தைப் பார்த்துப் போங்கள்.

வீடுகள் மரத்தின் மேலா?

மரத்தில் இல்லை, பரணில். யானைக்குக் காவல் இருக்க வயற்காரர் கட்டுகிற பரணை நினைத்துக்கொள்ளுங்கள். அதை அகலமாக்கி, முதிரைத் தூண்களில் நிறுத்தி, மேலே ஓலை வேய்ந்தது. கீழே வெறும் நிலம். வெள்ளம் வந்தால் கீழால் போகும், காற்றும் கீழால் வரும். கண்ணாடி மாளிகைகளை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாறுவார்கள். ஒரு சித்திரை வெயிலைக் கதையில் கடந்த பிறகு பரணை விடமாட்டார்கள்.

வீட்டுக்கு வீடு வேலி கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஒழுங்கையின் ஓரத்திலும் வீட்டுக்கொரு படலை, அதாவது வாசற்கதவு, தனியாக நிற்கும். இரண்டு பக்கமும் வெளி; சுற்றிக்கொண்டு தாராளமாக உள்ளே போகலாம். ஒருவரும் போவதில்லை. படலையைத் தட்டி, குரல் கொடுத்து, திறந்து, உள்ளே போய், திரும்ப மூடவேண்டும். படலையைச் சுற்றி வந்த ஆளுக்கு அந்த வீட்டில் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். விளையாட்டில் இது விதியாகவே இருக்கிறது: சுற்றிப் போனவர் அந்த வட்டாரத்தில் பேசி இணங்கவைக்கும் முயற்சி எதிலும் அந்த நாள் முழுக்கப் பகடையில் 3 குறைத்துக்கொள்ளவேண்டும்.

நகரசபை ஏன் கடைசி வட்டாரத்தில் இருக்கிறது? அரண்மனை எங்கே?

அரண்மனை இல்லை. சபை மருதடியில் இருப்பதுதான் நிலவன்கட்டில் எனக்கு மிக முக்கியமான கட்டிடம்.

வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்குத் தண்ணீர் தானாகக் கிடைக்கும். கடைசியில் இருப்பவருக்கு, மேலே உள்ள எல்லோரும் ஒழுங்காக நடந்தால் மட்டும் கிடைக்கும். வன்னியில் எந்தக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போனாலும் பின்வரிசையில் இருந்து எழுந்து "எங்கட பக்கம் இன்னும் தண்ணி வரேல்லை" என்று சொல்கிற ஒரு ஐயாவைக் காண்பீர்கள். நிலவன்கட்டில் அந்த ஐயாவின் வயலுக்குப் பக்கத்திலேயே சபையை வைத்தோம். பதவிக்கு வருகிற ஐந்து பேரும் அந்த ஐந்து வருடமும் மருதடியில் குடியிருக்கவேண்டும், மருதடிக் கிணற்றில் அள்ளிக் குடிக்கவேண்டும். மேல் வட்டாரம் ஒன்று தண்ணீரைக் களவாக மறித்தால் முதலில் வற்றுவது சபையாரின் கிணறு. தனியாக ஒரு கண்காணிப்பாளர் தேவைப்படாது.

சில கதைசொல்லிகள் சபையைப் பாலையடிக்கு மாற்றிவிடுகிறார்கள், உயரத்தில் இருந்தால் பார்க்க அழகு என்று. மற்ற எதையும் மாற்றுங்கள். இதை மட்டும் மாற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது?

விதைப்புக்கு முன் ஒரு கூட்டம். எங்கள் ஊர்களில் போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் போலவே: குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, எவ்வளவு விதைக்கலாம், எந்த நாளில் துருசு திறப்பது, எந்த நாளுக்குப் பிறகு மாடு வயலுக்குள் இறங்கக்கூடாது. எல்லாம் அங்கே முடிவாகும். கூட்டம் முடிந்தபின் துருசுத் திறப்பு, தண்ணீர் பங்கிடப் பொறுப்பான வட்டவிதானை கையில். அவருக்கு வில்லும் இல்லை, காவலாளும் இல்லை. துருசுப் பலகையைத் தூக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான், அது போதும்.

தண்ணீர் குறைந்த வருடத்தில் என்ன செய்வது என்பதற்கும் நம் உலர் வலயத்திலேயே பழைய வழி இருக்கிறது. குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் விதைப்பது. அந்த வயல் யாருடையது என்று பார்க்காமல் எல்லாக் குடும்பத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது. நிலவன்கட்டில் இதுவே சட்டம். கதையில் மிகக் கடுமையான சண்டைகள் இந்தக் கூட்டத்தில்தான் நடக்கும். பறவைநாகத்தோடு மோதுவதைவிடப் பாலையடிப் பெரியவர் ஒருவரைத் தன் வயலில் பாதியை இந்தப் போகம் மட்டும் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவைப்பது கடினம். எங்கள் மேசையில் ஆட்கள் எழுந்து நின்று பேசியதெல்லாம் இந்தக் கட்டத்தில்தான்.

மந்திரத்தால் குளத்தை நிரப்ப முடியாதா?

முடியாது. நிலவன்கட்டில் மந்திரம் தண்ணீரைப் பார்க்கும், கேட்கும், ஒரு குடமளவு நகர்த்தும். உண்டாக்காது. உண்டாக்க முடிந்தால் கூட்டம் வேண்டாம், துருசு வேண்டாம், சபை மருதடியில் இருக்கத் தேவையில்லை. நகரமே கலைந்துவிடும்.

வெள்ளம் வந்தால்?

தொடர்குளத்தின் ஆபத்து இதுதான். மேற்குளம் உடைந்தால் அதன் தண்ணீர் முழுவதும் அடுத்த குளத்தில் விழும். அதுவும் தாங்காவிட்டால் அதற்கடுத்தது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகள் 14ஐயும் திறந்துவிட்ட இரவை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. 1902இல் தொடங்கி 1920களில் முடித்த குளம், பிறகு பலமுறை உயர்த்தப்பட்டது; அத்தனை பெரிய குளத்துக்கே அந்த நிலை.

நிலவன்கட்டில் ஒவ்வொரு கட்டிலும் ஒரு அளவுக்கல் நிற்கும். அதில் மூன்று கோடு. முதல் கோட்டைத் தண்ணீர் தொட்டால் அந்தக் குளத்துக் காவலாளி பறையடிப்பார். கீழ்வட்டாரம் ஆடுமாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோகும். இரண்டாவது கோட்டில் வான் பாயத் தொடங்கும். பிள்ளைகளும் முதியவர்களும் புளியடி மடத்துக்குப் போவார்கள். மூன்றாவது கோட்டைத் தொட்டால் கட்டை நாமே வெட்டவேண்டும், வெட்டுவதற்கென்று ஒதுக்கிய ஓரிடத்தில், வயல் மட்டும் அழிகிற பக்கமாக. வெட்டச் சொல்லும் அதிகாரம் அந்த வயல்களின் சொந்தக்காரருக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. கதைசொல்லிகள் இந்தக் கட்டத்தை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். அந்த வயற்காரருக்கு ஒரு பெயர் கொடுங்கள், வீட்டைக் காட்டுங்கள், நெல் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள். பிறகு முடிவை அவரிடம் விடுங்கள்.

வரி உண்டா?

மண். ஒவ்வொரு வயதுவந்தவரும் ஒக்டோபர் மழைக்கு முன் தன் வட்டாரக் கட்டுக்கு 40 கடகம் (ஓலைப்பெட்டி) மண் போட்டு மிதிக்கவேண்டும். மந்திரவாதியும்தான். நோயாளிக்காக அயலவர் போடலாம், பணம் கொடுத்து ஆள் வைத்துப் போட முடியாது. குற்றத்துக்குத் தண்டமும் பெரும்பாலும் மண்தான்.

தெருவிளக்கு?

இலுப்பெண்ணெய் விளக்குகள், கட்டின் உட்சரிவில், முழங்கால் உயரத்தில். கால் வைக்கும் இடம் தெரிந்தால் போதும். காட்டுக்குளத்தில் விளக்கே கிடையாது, மிருகங்கள் இரவில் வந்து குடிக்கவேண்டும்.

கழிவறை, குப்பை பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்களே?

விடவில்லை, கேட்டதற்கு நன்றி. ஒரு நகரம் நல்ல நகரமா என்று பார்க்க நான் முதலில் கேட்பதும் இதைத்தான். கழிவறைகள் எல்லாம் கட்டுக்குக் கீழ்ப்பக்கம், வீட்டுக் கிணற்றுக்குப் பள்ளமான திசையில். மேல்வட்டாரத்தார் தோண்டும் குழி கீழ்வட்டாரத்தாரின் குடிநீர் என்பதால் இடம் குறித்துக் கொடுப்பது மருதடிச் சபைதான். தன் காணியிலேயே என்றாலும் நினைத்த இடத்தில் ஒருவர் தோண்ட முடியாது. நிறைந்த குழியை மண்போட்டு மூடி, இரண்டு மழை கழித்து, அந்த எருவைத் தோப்புக்குப் போடுவார்கள். உடைந்த சட்டிபானை கட்டின் உட்சரிவுக்குப் போகும், அலை அரிக்காமல் கல்லோடு சேர்த்து அடுக்க. இந்த வேலை செய்பவர்களுக்குச் சந்தையில் முதல் இடம், கூட்டத்தில் முதல் பேச்சு. அவர்கள் ஒரு குலமாக இருக்கக்கூடாது என்பதற்காக, எல்லா வீட்டாரும் முறைவைத்துச் செய்யும் வேலையாக அதை ஆக்கியிருக்கிறோம். இதை நான் பிடிவாதமாகவே எழுதி வைத்தேன்.

ஆஸ்பத்திரி இருக்கிறதா?

முதிரையடியில் ஒரு வைத்தியசாலை. அறுவடைக் காலத்தில் நிரம்பி வழியும், பாம்புக்கடியால். வயலில் கண்ணாடி விரியன். நிலத்தில் பாய்போட்டுப் படுப்பவரை இரவில் கட்டுவிரியன். எல்ஃப்கள் பரணில் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விளையாட்டில் எல்ஃப் வைத்தியரின் மந்திரம் நஞ்சை முறிக்காது. விடியும்வரை தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதற்குள் மருந்து தேடி வரவேண்டும். சிறுவர்களோடு விளையாடும்போது ஒன்றைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள்: நிஜத்தில் பாம்பு கடித்தால் வெட்டிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

யானை வந்தால் எல்ஃப்கள் என்ன செய்வார்கள்?

வழி விடுவார்கள். நகரத்துக்குக் குறுக்கே, முதிரையடிக்கும் புளியடிக்கும் நடுவில், ஒரு அகன்ற பட்டை வரைபடத்தில் வெறும் பச்சையாக இருக்கிறதே, அது யானைப்பாதை. நகரம் வருவதற்கு முதலே அது இருந்தது. வளர்ந்த யானை ஒன்று நாளுக்கு நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். வறட்சியில் குளத்தை நோக்கி வரத்தான் செய்யும். மின்வேலி போட்டும், வெடி கொளுத்தியும், இரவிரவாக விழித்தும் கமக்காரர் இங்கே படும் பாடு எனக்குத் தெரியும். தென்னம்பிள்ளை முழுவதையும் ஒரே இரவில் இழந்தவரிடம் போய் யானையை நேசி என்று சொல்லமாட்டேன். ஒரு நகரம் முதல் நாளிலேயே அந்தப் பாதையை விட்டுவைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் இந்தப் பச்சைப் பட்டையில் பார்க்க விரும்பினேன். அதில் கடை போடவும் நெல் காயவிடவும் தடை.

வெளியிலிருந்து வருகிறவர்கள் குடியேறலாமா?

வரலாம். புளியடி மடத்தில் பதிவு. பெயர், எத்தனை பேர், யாருக்காவது நோயா, இவ்வளவுதான் கேட்பார்கள். ஏன் வந்தாய், யாரோடு இருந்தாய் என்று கேட்க முதல் மாதம் அனுமதியில்லை. முதல் போகத்திலேயே தண்ணீர்ப் பங்கு உண்டு. ஒருமுறை விதைத்து அறுத்துவிட்டால் அந்தக் காணி எழுத்தில் அவர்கள் பெயருக்கு வரும். அதன்பின் அவர்களைப் 'புதுசா வந்தவை' என்று கூட்டத்தில் சொல்பவர் 10 கடகம் மண் போடவேண்டும்.

இந்தப் பகுதியை எழுதும்போது வன்னிக்கு வந்த மக்களெல்லாம் மனதில் இருந்தார்கள். 1958இலும் 1977இலும் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த இடப்பெயர்வில் கிளாலி கடந்து வந்து பள்ளிக்கூடங்களிலும் மரநிழல்களிலும் தங்கியவர்கள். அவர்களுக்குக் கதவு திறந்த வீடுகளும் இங்கே இருந்தன. தலைமுறை கடந்தும் காணி உறுதி கைக்கு வராமல் இருக்கும் குடும்பங்களும் இங்கேதான் இருக்கின்றன. நான் விரும்பும் நகரத்தில் உறுதி முதல் அறுவடையோடு கிடைக்கும்.

இருபது வயது முகமுள்ள 400 வயது எல்ஃபை எப்படிக் கூப்பிடுவது?

வயதுக்குத்தான் மரியாதை, முகத்துக்கில்லை. 300 தாண்டியவர் அப்பு அல்லது ஆச்சி. அதற்குக் கீழே அண்ணை, அக்கா. தெரியாவிட்டால் கேளுங்கள், கோபிக்கமாட்டார்கள். சபைக் கூட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் 'ஐயா', 'அம்மா'.

என்ன சாப்பிடுவார்கள்?

குரக்கன், வரகு, நெல், விரால் மீன், தேன். வைகாசி தாண்டினால் பாலைப்பழம். சின்னதாய், மஞ்சளாய், தேன்போல இனிக்கும். பத்துப் பதினைந்து தின்றால் அதன் பால் பட்டு இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும், தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுக்கவேண்டும். புளியடிச் சந்தையில் பழம் விற்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் எண்ணெய் வைத்திருப்பார்கள், காசில்லை. கரடிக்கும் இந்தப் பழத்தில் உயிர். அந்த மாதங்களில் தோப்புக்குள் தனியாகப் போகும் பாத்திரங்கள் பகடை உருட்டவேண்டும்.

பண்டாரவன்னியன் கதையில் வருவாரா? வற்றாப்பளை அம்மன்?

இல்லை. ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் கல் நின்றது. அவர் நம் வரலாறு. அவர் வெல்வதையும் தோற்பதையும் பகடையில் தீர்மானிக்க எனக்கு மனம் வராது. வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரிப்பது மக்களின் வழிபாடு. அதை எல்ஃப் மந்திரமாக மாற்றி வைக்கும்படி நல்லெண்ணத்தோடு சிலர் கேட்டார்கள். வேண்டாம். நாங்கள் வற்றாப்பளைக்குப் போகும்போதும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்திப் போகும்போதும் அவை அவையாகவே இருக்கட்டும். குளக்கட்டில் ஒரு கல், அதன்மேல் ஒரு கொப்பு முறித்து வைத்துவிட்டுப் போகும் வழக்கம், எல்ஃப்களுக்கு அவ்வளவு போதும்.

தபால், காவல், நீதிமன்றம்?

தபால் பிள்ளைகள் கையில், கட்டு வழியே ஓடிக்கொடுப்பார்கள். காவலுக்குத் தனிப் படை இல்லை, வட்டாரத்துக்கு நாலு பேர் முறையில். வழக்கு புளியமரத்தடியில், வெயில் ஏறுமுன்.

பிள்ளைகளோடு தொடங்க ஒரு கதை சொல்லுங்கள்.

புரட்டாதி மாதம். மருதடித் துருசின் பலகையைக் காணவில்லை. குளத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் தபாற்காரர்கள். முதலில் ஓட்டத்தை அடைக்கவேண்டும்: களிமண், வைக்கோல், ஆள்பலம் எங்கே கிடைக்கும் என்று அவர்களே யோசிக்கட்டும். பிறகு பலகை எங்கே? என் மேசையில் அதை எடுத்தவர் வெள்ளத்தில் பரண் உடைந்த ஒரு குடும்பம். நோயாளித் தாயைக் கிடத்தப் பலகை இல்லாமல் எடுத்தார்கள். பலகையையும் மீட்கவேண்டும், தாய்க்கும் படுக்கை வேண்டும். வாள் தேவையில்லை. ஒரு பின்னேரத்தில் முடியும். ஆறுமுகப் பகடை இரண்டும், குளங்களை வரைந்த ஒரு கடதாசியும் இருந்தால் தொடங்கலாம்.

எங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றலாமா?

தாராளமாக. மன்னார்ப் பக்கத்தவர்கள் தொடர்குளத்துக்குப் பதில் கட்டுக்கரைக் குளம் போல ஒன்றை வையுங்கள். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து வாய்க்காலால் கொண்டுவரும் தண்ணீர் அது. அப்போது நகரத்தின் சண்டை முழுவதும் வாய்க்கால் வாயில் நடக்கும், சபையும் அதற்கேற்ப இடம் மாறும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் என்றால் களப்பும் உப்பும் இறாலும் வரும். நீங்கள் எதை வரைந்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாக யாரைச் சேருகிறது என்ற இரண்டையும் முதலில் குறியுங்கள்.

வரைபடத்தில் ஐந்தாம் குளத்துக்குக் கீழே ஏன் ஒன்றும் இல்லை?

அடுத்த குழு வரைவதற்காக விட்டது. ஆறாவது குளம் கட்ட விரும்புகிறவர்கள் முதலில் தங்கள் பாத்திரங்களோடு மருதடிக் கூட்டத்துக்கு வந்து, எத்தனை அடித் தண்ணீர் வேண்டும் என்று கேட்கவேண்டும். கூட்டம் பெரும்போகத்துக்கு முன் நடக்கும். மருதடியார் ஒத்துக்கொண்டால் சபையும் புதுக்குளத்தடிக்கு மாறும்.